அடுப்பு அணைந்தது ஏன்?

(திருநின்றவூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரயிலை விட்டு இறங்கி, இந்த மேடையை நோக்கி நடந்து வந்தேன். சென்றமுறை இங்கே பேச வந்தபோது, வழியிலே ஒரு கடை என்னை வரவேற்றது. நீலச்சுடர் சீறிற்று. இரும்புச் சட்டி எழுந்து குதித்தது. முட்டை உடைந்தது, முட்டைக்கோசு சிதறியது, மிளகுத்தூளின் காரம் தெருவிலே போவோரின் மூக்கை வம்புக்கு இழுத்தது. பலகையிலே 'பாஸ்ட் புட்' என்று எழுதியிருந்தது. பலகைக்குக் கீழே ஓர் இளைஞன், நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டே, "அண்ணே, கூட்டம் முடிந்ததும் வாருங்கள், சூடாகப் போட்டுத் தருகிறேன்" என்றான்.

இன்று அதே இடத்திலே ஷட்டர் இறங்கியிருக்கிறது. ஷட்டரின்மீது ஒரு தாள்: 'கடை வாடகைக்கு விடப்படும்.' அதன்கீழே ஒரு தொலைபேசி எண். இரண்டாண்டு உழைப்புக்கு எழுதப்பட்ட இரங்கற்பா அந்த ஒரே வரிதான்!

"ஒரு கடை மூடியதற்கா ஒரு சொற்பொழிவு? நாட்டிலே வேறு பிரச்சினையே இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். கேட்பதற்காகத்தான் கூட்டம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள் நம் பாட்டிமார்கள். நாட்டின் பொருளாதாரம் வெந்திருக்கிறதா, வேகாமல் இருக்கிறதா என்று பார்க்க, அமைச்சரவையின் அறிக்கையைப் புரட்ட வேண்டியதில்லை. ஏழைத் தெருவில் இருக்கும் ஒரு சோற்றுக் கடையின் கல்லாவைத் திறந்து பார்த்தால் போதும்.

ராசி என்றார் ஒருவர்

கடை ஏன் மூடப்பட்டது என்று பக்கத்திலே விசாரித்தேன். "அது ராசியில்லாத இடம்" என்றார் ஒருவர். "வாசல் தெற்குப் பார்த்தது" என்றார் இன்னொருவர். "திருஷ்டிப் பூசணிக்காய் கட்டவில்லை" என்றார் மூன்றாமவர். நான்காமவர் நாகரிகமானவர், "இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுப்பு இல்லை" என்றார்.

தோழர்களே! அந்த இடத்திலே இதற்கு முன்பு ஒரு செல்பேசி பழுதுபார்க்கும் கடை இருந்தது, அதுவும் மூடப்பட்டது. அதற்கு முன்பு ஒரு தையற்கடை, அதுவும் மூடப்பட்டது. மூன்று பேருக்குமா பொறுப்பு இல்லை? கல்லும் மண்ணும் மூன்று குடும்பங்களோடு பகை கொண்டனவா? ராசி என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. கட்டடக்காரரைக் கேட்க வேண்டாம், கடன் கொடுத்தவரைக் கேட்க வேண்டாம், ஆலை முதலாளியைக் கேட்க வேண்டாம், அரசாங்கத்தைக் கேட்க வேண்டாம். பூசணிக்காயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்!

இந்த ஊரின் பெயரைப் பாருங்கள். திரு நின்ற ஊர். செல்வத்தின் திருமகள் வந்து நின்ற ஊர் என்று தலபுராணம் சொல்லுகிறது. அவள் நின்றாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ரயில் நிற்கிறது. காலையிலே உழைப்பாளிகளை ஏற்றிக்கொண்டு ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போகிறது. இரவிலே அவர்களைத் திருப்பிக்கொண்டு வந்து இறக்குகிறது. உழைப்பு இங்கிருந்து புறப்படுகிறது. செல்வம் மட்டும் ஏன் திரும்பி வந்து இங்கே நிற்பதில்லை? அந்தக் கேள்விக்கும் கடையின் ஷட்டருக்கும் உறவு உண்டு.

பூசலார் என்ற ஏழை, கையிலே காசில்லாமல் மனத்திலேயே கோயில் கட்டிய ஊரும் இதுதான் என்று பெரியபுராணம் பாடுகிறது. அரசன் கல்லால் கட்டிய கோயிலைக் காட்டிலும் ஏழை மனத்தால் கட்டியது உயர்ந்தது என்பது அக்கதை. பகுத்தறிவாளனாகிய எனக்கும் அந்தக் கதையிலே ஒரு பிடிப்பு உண்டு. ஏழையின் ஆசைக்கு மதிப்புத் தருகிற கதை அது. நம் தம்பியும் முதலில் மனத்திலேதான் கடை கட்டினான். ஆலையிலே ஒப்பந்தத் தொழிலாளியாக நின்றபோது, இரவு ஷிப்டிலே, இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே கட்டினான். வேலை போயிற்று. வருங்கால வைப்பு நிதிப் பணம் கைக்கு வந்தது. மனத்திலே கட்டியதை மண்ணிலே கட்டினான். மனக்கோயிலுக்கு வாடகை இல்லை. மண்ணிலே கட்டிய கடைக்கு உண்டல்லவா?

கல்லாவுக்குள் நான்கு கைகள்

நான் கல்லூரியைப் பாதியிலே விட்டவன். பொருளாதாரப் பாடத்தைப் பட்டம் வாங்கும்வரை படித்தவனல்லன். ஆனால் அந்தத் தம்பியின் கணக்கு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். அந்தக் கல்லாவுக்குள்ளே அவன் கையைத் தவிர நான்கு கைகள் நுழைந்திருந்தன.

முதற்கை, வாடகையின் கை. மாத வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது இங்கே வழக்கம். அடுப்புப் பற்றவைக்கும் முன்பே ஒன்றரை லட்சம் கட்டடக்காரரிடம் போய் உறங்குகிறது. ஒப்பந்தம் பதினொரு மாதம். கூட்டம் கூடினால் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை கூடும். கூட்டம் குறைந்தால் வாடகை குறைவதில்லை! 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்திலே எழுதிப் பதிவு செய்யச் சொல்லுகிறது அச்சட்டம். நல்லது. ஆனால், எழுதிக் கொடுக்கும் தொகை எவ்வளவு என்பதை முடிவு செய்வது யார்? இடம் வைத்திருப்பவர். இடம் தேடி அலைபவன் கையெழுத்துப் போடுகிறவன் மட்டுமே.

இரண்டாவது கை, தண்டலின் கை. அட்வான்சுக்கும் அடுப்புக்கும் போக, முதல் மாதத்துச் சரக்குக்குப் பணம் இல்லை. வங்கியிலே சொத்து கேட்பார்கள். தண்டல்காரர் எதுவும் கேட்பதில்லை. மாலையிலே இருசக்கர வண்டியில் வந்து நிற்பார், அவ்வளவுதான். 10,000 ரூபாய்க் கடன் என்பார். 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைத் தருவார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி!" என்று தோன்றும். அன்றாடம் அசல் கரைந்துகொண்டே வருகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூற்றுக்கு ஏறத்தாழ 80! அதிக வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்திலே இருக்கிறது. தண்டல்காரர் வாசலிலே இருக்கிறார்.

மூன்றாவது கை மிக நீளமானது. கடல் கடந்து வருவது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23இல் தடையை நீக்கியது. எங்கோ ஜாவாவில் ஓர் ஆணை; எகிறியது திருநின்றவூர்ச் சட்டியில் ஊற்றும் எண்ணெய். அதே மே மாதத்திலே 19 கிலோ வணிகச் சிலிண்டரின் விலை சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டிற்று. அந்தச் சிலிண்டருக்கு நூற்றுக்கு 18 வீதம் சரக்கு-சேவை வரி. பெரிய ஆலை, தான் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் தான் செலுத்தும் வரியிலே கழித்துக்கொள்ளும். 5 விழுக்காடு வரி கட்டும் உணவகங்களுக்கோ 2017 நவம்பர் 15 முதல் அந்தக் கழிவு இல்லை. பதிவே தேவைப்படாத சிறு கடைக்குக் கழித்துக்கொள்ள வழியே இல்லை. ஆகவே, வரி கட்டாதவன் என்று ஏசப்படுகிற தள்ளுவண்டிக்காரன், ஒவ்வொரு சிலிண்டரைத் திறக்கும்போதும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். அவன் கட்டுவது அவன் பெயரிலே எழுதப்படுவதில்லை, அவ்வளவே வேறுபாடு!

நான்காவது கை கண்ணுக்குத் தெரியாத கை. செல்பேசிக்குள்ளே இருக்கிறது. "எங்கள் செயலியிலே சேருங்கள், வீடு தேடிக் கொண்டு கொடுக்கிறோம்" என்றார்கள். சேர்ந்தான். 120 ரூபாய்ப் பொட்டலத்துக்கு நூற்றுக்கு 25 என்று வைத்தாலும் 30 ரூபாய் அங்கே போய்விடும். மீதம் 90. அரிசி, முட்டை, கோழி, எண்ணெய், எரிவாயு, பொட்டலப் பெட்டி, மாஸ்டர் கூலி, வாடகை எல்லாம் அந்தத் தொண்ணூறுக்குள்ளே அடங்க வேண்டும். பெரிய உணவகங்களே பொறுக்க முடியாமல் 2021 ஜூலையில் தங்கள் தேசியச் சங்கத்தின் வாயிலாகப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டன. 2022 ஏப்ரலில் சொமாட்டோ, ஸ்விக்கி இரண்டின்மீதும் விசாரணைக்கு ஆணையம் உத்தரவிட்டது. யானைகளே முறையிடும்போது முயலின் கதி என்ன?

பத்தாம் தேதிக்குப் பிறகு

இந்த நான்கு கைகளையும்கூடத் தாங்கியிருப்பான். வாடிக்கையாளர் வந்துகொண்டே இருந்தால் தாங்கியிருப்பான். நோட்டின் பக்கங்களிலே நான் கண்ட உண்மை இதுதான்: மாதத்தின் ஏழாம் தேதியிலிருந்து பதினேழாம் தேதிவரை கடை நிரம்பி வழிகிறது. இருபதாம் தேதிக்கு மேல் இலையான்தான் வாடிக்கையாளர்!

ஏன்? உண்பவர்கள் யார் என்று பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளி. அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் என்கிறது சட்டம். சம்பளம் வந்த வாரம் அவன் சிக்கன் பிரைடு ரைஸ் கேட்கிறான். அடுத்த வாரம் முட்டை ரைஸ். அதற்கடுத்த வாரம், "அரை பிளேட் உண்டா?" என்கிறான். கடைசி வாரம், கடையைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக நடந்து போகிறான். அவன் நாக்கு மாறவில்லை, தோழர்களே! சட்டைப்பை மாறிவிட்டது. அந்தக் கடை விற்றது சோறு. ஆனால் அது உண்மையிலே அளந்தது கூலியை. கூலி நீடித்தால் கடை நீடிக்கும். கூலி பத்து நாளில் தீர்ந்தால், கடையும் மாதத்திலே பத்து நாள்தான் கடை.

இது நான் கற்பித்த தத்துவமல்ல. தெற்கே ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. உச்சத்திலே சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களிலே பெரும்பகுதி இருபது வயதை ஒட்டிய நம் வீட்டுப் பெண்கள். ஆலை வந்தால் விடுதி வரும். விடுதி வந்தால் டீக்கடை வரும். டீக்கடைக்குப் பக்கத்திலே சோற்றுக்கடை வரும். பிறகு வரிவழக்கு வந்தது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் அந்த வாணிகத்தை வாங்கியபோது, சென்னை ஆலையை மட்டும் வாங்காமல் விட்டுச் சென்றது. 2014 நவம்பர் 1ஆம் நாள் ஆலை நின்றது. அதற்குத் துணையாக இயங்கிய பாக்ஸ்கான் ஆலை டிசம்பரில் நின்றது. சங்கு ஊதாத ஆலைக்கு எதிரே எந்தச் சட்டி கொதிக்கும்? அந்தக் கடைகளுக்கும் ராசி இல்லையா? 8,000 பேருக்கும் ஒரே நாளில் சனி பிடித்ததா? பிடித்தது சனியல்ல, பின்லாந்திலும் அமெரிக்காவிலும் டெல்லியிலும் எடுக்கப்பட்ட முடிவுகள்!

இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலே ஐபோன்கள் உருவாகின்றன. மகிழ்ச்சி. ஆனால் 2021 டிசம்பரில் நடந்ததை மறந்துவிட வேண்டாம். பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களின் விடுதியிலே கெட்ட உணவு உண்டு, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார்கள். தோழியர் நெடுஞ்சாலையிலே அமர்ந்து மறித்தார்கள். உறக்கமும் விடுதியிலே, உணவும் விடுதியிலே, போக்குவரத்தும் ஒப்பந்தப் பேருந்திலே என்றால், தொழிலாளிக்குத் தெருவே இல்லை. தொழிலாளி தெருவுக்கு வராத ஊரிலே, தெருவிலே அடுப்பு வைத்தவன் பிழைப்பது எப்படி?

சிகாகோவும் டெல்லியும்

"ஏழை நாட்டுக் கதை இது, செல்வ நாட்டிலே இப்படி நடக்குமா?" என்பார்கள். அமெரிக்காவுக்குப் போவோம், வாருங்கள். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பின மக்களின் பேட்டைகள் எரிந்தன. அங்கே கடை நடத்திவந்த வெள்ளையர்களில் பலர் வெளியேற விரும்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலே, சிகாகோ நகரில் ஹெர்மன் பெட்டி என்ற கறுப்பினத்தவர், மெக்டொனால்ட்ஸ் கிளை ஒன்றை நடத்தும் உரிமையைப் பெற்ற முதல் கறுப்பின மனிதரானார். கதவு திறந்தது என்று மகிழ்ந்தார்கள். திறந்த கதவு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது ஐம்பதாண்டுக்குப் பிறகு வழக்காக வந்தது. 2020ஆம் ஆண்டில், முன்பு கிளை நடத்திய 52 கறுப்பினத்தவர் அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். "விற்பனை குறைந்த, காப்பீட்டுக்கும் காவலுக்கும் கூடுதல் செலவு பிடிக்கும் பேட்டைகளின் கடைகளையே எங்கள் தலையிலே கட்டினீர்கள்" என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. வழக்கின் வாதம் வழக்குமன்றத்துக்கு. நமக்கு வேண்டிய பாடம் வேறு: வறுமை வாழும் தெருவிலே கடை நடத்துவதற்கு, செல்வத் தெருவைவிடச் செலவு அதிகம், வரவு குறைவு. அந்தக் கணக்குக்கு நிறமும் இல்லை, நாடும் இல்லை.

டெல்லியிலும் கடைகள் மூடப்பட்டன. 1996 அக்டோபரில் அங்கே வசந்த விகாரிலே முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்தது. 2017 ஜூனில் அந்நகரின் 55 கடைகளில் 43 மூடப்பட்டன. பசியில்லாமலா? இல்லை. நிறுவனமும் அதன் இந்தியக் கூட்டாளியும் ஆண்டுக்கணக்கிலே மல்லுக்கு நின்றார்கள். உணவக உரிமங்கள் புதுப்பிக்கப்படவில்லை. 2019 மே மாதத்தில் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். கடைகளும் மெல்லத் திரும்பின. பெரியவன் கடை சண்டையால் மூடும், சமரசத்தால் திறக்கும். சிறியவன் கடை மூடினால், அவன் யாரோடு சமரசம் செய்துகொள்வான்? இருபதாம் தேதியோடா?

இழந்தது எது?

ஒரு சட்டியும் பர்னரும் போனதற்காக நான் அழவில்லை. போனது ஒரு பெஞ்சு. அந்தக் கடையின் முன்னால் ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. அதிலே வெல்டர் உட்கார்ந்தான். பக்கத்திலே கல்லூரி மாணவன் உட்கார்ந்தான். பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி உட்கார்ந்தான். துப்புரவுப் பணி முடித்த தோழர் உட்கார்ந்தார். எந்தத் தெரு, என்ன சாதி என்று சட்டி கேட்கவில்லை. இது இயல்பாக வந்ததல்ல, தோழர்களே! 1957ஆம் ஆண்டிலே, உணவு விடுதியின் பலகையிலே சாதிப்பெயர் எதற்கு என்று கேட்டு, சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால் தந்தை பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்தார்கள். நாள்தோறும் சிறை சென்றார்கள். அவர்கள் சிறையிலே உட்கார்ந்ததால்தான் நாம் பெஞ்சிலே உட்கார்ந்தோம். சாதி எழுந்துபோகச் சொன்ன பெஞ்சிலே உரிமையோடு அமர்ந்தோம். இப்போது வறுமை வந்து எழுந்துபோகச் சொல்லுகிறது. முன்னதைக் கண்டு கொதித்தவர்கள், பின்னதைக் கண்டு 'வியாபாரத்திலே இதெல்லாம் சகஜம்' என்று சும்மா இருக்கலாமா?

அந்தத் தம்பி இப்போது என்ன செய்கிறான் தெரியுமா? முதுகிலே ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு, வேறொருவர் சமைத்த சோற்றை வீடுவீடாகக் கொண்டு கொடுக்கிறான். தன் அடுப்பு எரிந்த ஷட்டரின் முன்னால், நாளுக்குப் பத்து முறை வண்டியிலே போகிறான். தண்டல் பாக்கி இன்னும் இருக்கிறது. நான் நாடகக்காரன். என் நாடகத்திலே திரை விழுந்தால், உள்ளே அடுத்த காட்சிக்கு ஒப்பனை நடக்கும். அவன் வாழ்விலே திரை விழுந்தது. அடுத்த காட்சியை எழுத வேண்டியவர்கள் நாம்.

நாம் கேட்பது

என்ன கேட்கப் போகிறோம்? பிச்சையல்ல; முறை கேட்கிறோம்.

திருநின்றவூர் 2021ஆம் ஆண்டிலே பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. பெயர்ப்பலகை உயர்ந்தால் போதாது. நகராட்சி கட்டும் கடைகளை, அதிகத் தொகை கேட்பவருக்கே ஏலம் விடாமல், ஒரு பகுதியை முதன்முறையாகத் தொழில் தொடங்கும் இளைஞர்க்கும் மகளிர்க்கும் நிலையான வாடகையில் ஒதுக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் என்ற பாறாங்கல்லை அங்கேயாவது அகற்ற வேண்டும்.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டிலே சட்டம் வந்தது. 2020 ஜூனில் 10,000 ரூபாய் முதற்கடன் தரும் திட்டமும் வந்தது. தள்ளுவண்டிக்குக் கிடைக்கும் அந்தக் கை, நான்கு சுவருக்குள்ளே வந்துவிட்ட சிறு கடைக்கும் நீள வேண்டும். கூட்டுறவு வங்கி, தண்டல்காரரைப்போல் வாசலுக்கு வரட்டும்; தண்டல்காரரின் வட்டியோடு மட்டும் வராதிருக்கட்டும்!

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டு முழுவதும் இருக்கும் வேலையை, மாதாமாதம் அறுந்துபோகும் ஒப்பந்தத்திலே தொங்கவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். கூலி நிலைத்தால் தெரு நிலைக்கும். ஒப்பந்தத் தொழிலாளியின் நிலைமைக்காகக் குரல் கொடுப்பது ஆலைச் சங்கத்தின் வேலை என்று கடைக்காரர் ஒதுங்க வேண்டாம். அது உம் கல்லாவின் வழக்கு!

"நகராட்சியிலே நம் நண்பர்கள் இருக்கிறார்களே, அவர்களையா கேட்பது?" என்று ஒரு தோழர் காதிலே சொன்னார். ஆம், அவர்களைத்தான் கேட்க வேண்டும். நண்பரிடம் கேட்கத் தயங்குகிறவன், பகைவனிடம் கேட்கும் தகுதியை இழக்கிறான்.

இந்தக் கூட்டம் முடிந்து நீங்கள் வீடு திரும்பும்போது அந்த ஷட்டரைக் கடந்துதான் போவீர்கள். ராசி என்று சொல்லிவிட்டுக் கடக்காதீர்கள். அடுத்து அந்தக் கதவைத் திறக்கப் போகிறவன் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அவன் கையிலே பூசணிக்காயைக் கொடுத்து அனுப்பாமல், நியாயமான வாடகையும் நியாயமான கடனும் நின்று உண்ணும் கூலிக்காரனும் இருக்கிற ஒரு தெருவைக் கொடுத்து அனுப்புவோம். அன்றைக்குத்தான் இந்த ஊரிலே திரு நின்றதாகப் பொருள்!